அப்படியே இருக்கிறார்

"உங்க வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்கார்?" என்று யாராவது கேட்டால் தையலக்கா உடனே பதில் சொல்லமாட்டாள். முதலில் கேட்டவரின் கையைப் பார்ப்பாள். கையில் பை இருந்தால் பரவாயில்லை, குடை இருந்தால் பரவாயில்லை. அட்டைக் கோப்பு இருந்துவிட்டால் மட்டும் அவள் முகம் தானாகத் தொங்கிப்போகும், குரல் உள்ளே இறங்கிவிடும்.

"என்னத்தைச் சொல்ல. அப்படியே இருக்கார்."

அந்தத் தெருவில் எல்லோருக்கும் இந்தப் பதில் மனப்பாடம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததல்ல. மூன்று வருடங்களுக்கு முன்னால் தெருமுனை வீட்டுக்காரி ஒருத்தி, கோப்போடு வந்தவரிடம் ஒரு மரியாதைக்கு, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் தம்பி" என்று சொல்லிவைத்தாள். பதினைந்தாம் நாள், ஆலோசனை நிலையத்திலிருந்து அவளுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்த மதியச் சாப்பாடு நின்றுபோனது. கேட்கப் போனவளுக்கு, அவள் வாயால் சொன்னதையே படித்துக் காட்டினார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரும் நல்லா இருப்பதில்லை. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வருகிறவள்கூட எதிரே கோப்பைக் கண்டால் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள்.

தையலக்காவுக்குக் கீழ்த்தளத்தில் ஒன்றரை அறை வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின். அறையின் மறுகோடியில் ஒரு துணித்திரை, திரைக்கு அப்பால் கட்டில். கட்டிலில் இருப்பவர் பெயிண்டர். பெரிய பெரிய கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வர்ணம் அடித்த மனிதர், ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்து சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால் இரண்டும் போயின. "அஞ்சு மாடியில விழாத மனுஷன், தண்ணிக் குழாய்கிட்ட விழுந்துட்டார்" என்று தையலக்கா சொல்வாள். சொல்லிவிட்டு, கேட்டவர் சிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. முதல் ஆறு மாதம் அவரைப் புரட்டிப் போடவும் துடைக்கவும் அவள் ஒருத்தியாகத்தான் பாடுபட்டாள். முதுகில் புண் வந்தது அவருக்கு. முதுகெலும்பு விட்டுப்போனது அவளுக்கு. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிற வேலை பாதியாகக் குறைந்தது. பிறகுதான், அந்தப் பகுதிக்காரர்களுக்கு உதவி ஏற்பாடு செய்கிற ஆலோசனை நிலையத்தில் அவள் எழுதிப்போட, வீட்டு உதவிக்கென்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். திங்கள், புதன், வெள்ளி, காலை எட்டிலிருந்து பத்து வரைக்கும். எந்தச் சேற்றிலும் வெள்ளைக் கான்வாஸ் செருப்புத்தான் போட்டு வருவாள் என்பதால் தெருவே அவளுக்கு வெள்ளைச்செருப்பு என்று பேர் வைத்திருந்தது. அந்த இரண்டு மணி நேரம் தையலக்கா மெஷினை விட்டு எழுந்திருக்கமாட்டாள். திரைக்கு அப்பால் தண்ணீர்ச் சத்தமும், "தூக்குங்க பெரியப்பா, இன்னும் கொஞ்சம், நான் பிடிச்சிருக்கேன்" என்கிற குரலும் கேட்கும். இந்தப் பக்கம் பாவாடை மடிப்புகள் ஒவ்வொன்றாக ஊசிக்குக் கீழே ஓடும்.

புண் ஆறியது. உட்கார்ந்தார். நின்றார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, திரையை விலக்கிக்கொண்டு, சுவரை இடது கையால் தடவித் தடவி, மெஷின்வரைக்கும் பதினோரு அடி நடந்து வந்துவிட்டார். தையலக்காவின் கால் மிதியிலேயே நின்றுபோனது. அழுகை வந்தது. அழுகையோடு கூடவே இன்னொன்றும் வந்தது. எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

"இதை வெளியில சொல்லாதே."

வெள்ளைச்செருப்புக்கு முகம் விழுந்துவிட்டது. "இதுக்குத்தானே அக்கா இத்தனை நாள் பாடுபட்டேன். வர்ற ஒவ்வொரு நாளும் நான் தாள்ல எழுதிக் குடுக்கணும்."

"எழுது. வழக்கம்போல எழுது."

"வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்களோ அதைத்தான் எழுதணும்னு விதி. நீங்க சொல்லுங்க. என்ன எழுத?"

"அப்படியே இருக்கிறார்னு எழுது."

பெயிண்டர் சுவரில் கை வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் கோணியதிலிருந்து அவருக்குப் பேச்சு குறைவு, வருகிற சொல்லும் வழுக்கிக்கொண்டு வரும். "நான்... அப்படியேவா... இருக்கேன்?"

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

*

விடாத தூறல் பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டிருந்த துணிகளெல்லாம் மூன்று நாளாக அதே ஈரத்தோடு தொங்கின. பெயிண்டர் மெஷின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தானாகவே தின்றுவிட்டு, எழுந்து நின்றிருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

தட்டிய விதமே சரியில்லை. தெரிந்தவர்கள் உள்ளங்கையால் தட்டுவார்கள். இது விரல் முட்டியால், மூன்றே தட்டு.

தையலக்கா அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, தள்ளாத குறையாகத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டாள். கழுத்துவரைக்கும் போர்த்தினாள். "கண்ணை மூடுங்க." மூச்சு வாங்கியதை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வாசலில், தெரு மூணுமேசை என்று பேர் வைத்திருந்த அம்மாள். ஆலோசனை நிலையத்தில் முன்பெல்லாம் மூன்று பேர் இருந்தார்கள்; படிவம் எழுத ஒருத்தி, சட்டம் சொல்ல ஒருவர், வீட்டு உதவிக்கு இந்த அம்மாள். பணம் குறைகிறது குறைகிறது என்று மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு மூன்று வேலையையும் இவள் தலையிலேயே கட்டினார்கள். ஒவ்வொரு மேசைக்கும் தனிப் பதிவேடு, அந்தந்த மேசையில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். ஆகவே வந்தவர் வாடகைத் தகராறு என்றால் எழுந்து போய் இரண்டாவது நாற்காலியில் உட்காருவாள். படிவம் என்றால் முதலாவது. டீத்தம்ளர் மட்டும் கூடவே போகும்.

"உள்ள வரலாமா?"

"வாங்க. உக்கார இடமில்ல, எல்லாம் துணி."

"நிக்கிறேன். ஒரு சின்ன விசாரணை. எப்படி இருக்கார்?"

"அப்படியே இருக்கார்."

"எந்திரிக்கிறது, நடக்கிறது?"

"எங்க? புரட்டிப் போட்டாத்தான் புரளுவார்."

மூணுமேசையின் பார்வை முக்காலியின் மேல் இருந்த கிண்ணத்தில் ஒரு நொடி நின்றது. பாலில் ஒரு ரொட்டித்துண்டு மிதந்துகொண்டிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் தையலக்காவை உறுத்தியது.

"அந்தப் பொண்ணு நேரத்துக்கு வருதா?"

"வருது, போகுது."

"அவ வர்றதுல ஏதாவது பலன் தெரியுதா?"

இது நூல் விட்டுப் பார்க்கிற கேள்வி என்று தையலக்கா கணக்குப் போட்டாள். பலன் இருக்கிறது என்றால், 'சரி, அப்போ போதும்' என்பார்கள். அவளுக்குத் தெரியாத வித்தையா. "பலனா? ஏதோ வருது, துடைச்சு விடுது. நீங்க வேற அதை நிறுத்திடாதீங்க, அவ்வளவுதான்."

மூணுமேசை நிதானமாக எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டினாள். "'பலன் ஏதும் தெரியவில்லை.' சரிதானே?"

"சரிதான்."

"கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், கட்டிலில் போர்வையை உதறிவிட்டுப் பெயிண்டர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

"என்னைப் பொணமா... ஆக்கிட்டே."

"பொணத்துக்கு யாரும் ஆள் அனுப்பமாட்டாங்க. நோயாளிக்குத்தான் அனுப்புவாங்க. படுங்க."

*

அடுத்த வாரம் வெள்ளைச்செருப்பு வந்தபோது முகத்தைக் காட்டாமலே வேலையை முடித்தாள். துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"இந்த மாசத்தோட சரி அக்கா. வீட்டு உதவி மேசையையே மூடுறாங்க."

தையலக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "யார் சொன்னா?"

"தலைமை அலுவலகத்துல. இருபத்துமூணு வீட்டுக்குப் போறோம். ரெண்டு வருஷத்துல இருபத்துமூணு வீட்டுலயும் ஒரே பதில். அப்படியே இருக்கிறார், அப்படியே இருக்கிறாள். ஒருத்தரும் தேறலையே, அப்புறம் எதுக்கு இந்தச் செலவுன்னு கேட்டாங்களாம்."

"நீ போட்டுக் குடுத்தியா?"

"என்னத்தைப் போட்டுக் குடுக்க? நடக்கிறார்னு போட்டுக் குடுத்திருந்தா மேசை நின்னிருக்குமே."

தையலக்கா மெஷினை விட்டு எழுந்தாள். அவள் அந்தக் காரணத்தை நம்பவில்லை. இது அந்த மூணுமேசை வைத்த பொறி. வாயைக் கிண்டி வார்த்தையை வாங்கி, அதையே கழுத்துக்குக் கயிறாகத் திரித்திருக்கிறாள். பாவாடைகளை அப்படியே போட்டுவிட்டு, ஈரத் தெருவில் விறுவிறுவென்று நடந்து ஆலோசனை நிலையத்துக்குப் போனாள்.

மூணுமேசை முதல் நாற்காலியில் ஒருவருக்குப் படிவம் எழுதிக்கொண்டிருந்தாள். தையலக்காவைப் பார்த்ததும் அவரை அனுப்பிவிட்டு, தம்ளரை எடுத்துக்கொண்டு மூன்றாவது நாற்காலிக்கு வந்தாள்.

"உங்களைத்தான் எதிர்பார்த்தேன்."

"எதிர்பார்ப்பீங்க. கழுத்தை அறுத்துட்டு எதிர்பார்ப்பீங்க."

"நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்."

"நாங்க பயந்துகிட்டு ஆயிரம் சொல்லுவோம். உங்களுக்குக் கண்ணு இல்லையா?"

"இருக்கு. அன்னிக்கு உங்க ஜன்னல் வழியா பார்த்தேன், உங்க வீட்டுக்காரர் நின்னுகிட்டிருந்தார். அப்புறம்தான் கதவைத் தட்டினேன்."

தையலக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூணுமேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பார்த்ததை எழுதக்கூடாது. வீட்டுக்காரங்க வாயால சொல்லி, கையெழுத்துப் போட்டதைத்தான் எழுதணும். நம்மளா கூட்டி எழுதிருவோம்னு தலைமை அலுவலகத்துக்குச் சந்தேகம். இந்த இருபத்துமூணு தாளையும் புரட்டிப் பாருங்க. ஒரே கையெழுத்துல எழுதி ஊரை ஏமாத்தின மாதிரி இருக்கு."

புரட்டினாள். மாடிவீட்டுக் கண்டக்டரின் மனைவி, பேக்கரிக்காரரின் தாய், குடை ரிப்பேர் செய்கிறவர்... எல்லோரும் அப்படியே இருந்தார்கள்.

"வியாழக்கிழமை மேலதிகாரி ஒருத்தர் வர்றார். உங்க தெருவுல ஒரு வீட்டைப் பார்த்துட்டுப் போய் முடிவு எழுதுவார். எந்த வீடுன்னு என்னைக் கேட்டார். உங்க வீட்டைச் சொன்னேன்."

"எதுக்கு எங்க வீடு?"

"உங்க வீட்டுலதான் ஆள் நடக்கிறார்."

"நடக்கிறார்னு சொன்னா எனக்கு நிறுத்திருவீங்க."

"நிறுத்தலாம். குறைக்கலாம். அது என் கையில இல்ல. சொல்லலேன்னா மொத்தமா மூடுவாங்க, அது நிச்சயம்."

தையலக்கா அவள் முகத்தையே பார்த்தாள். எங்கேயாவது ஒரு சிரிப்பு, ஒரு கள்ளத்தனம் கிடைக்குமா என்று. "மேசை போனா உங்க வேலையும் போகும். அதுக்குத்தானே இவ்வளவும்?"

"ஆமா. அதுவும்தான்."

"அதை இவ்வளவு லேசா சொல்றீங்க."

"இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா?"

நம்பியிருக்கமாட்டாள்தான். எழுந்து வந்துவிட்டாள்.

*

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு யோசனை. ஏன் தன் வீடு? மாடிவீட்டுக் கண்டக்டரின் மனைவிக்கும் வெள்ளைச்செருப்புத்தான் வருகிறாள். அவளுக்கு வாதநோய், கைவிரல் எல்லாம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அங்கே நிலவரம் நன்றாக இருந்தால் அதிகாரியை அங்கே ஏற்றிவிடலாம். மாடிப்படி ஏறினாள். ஓய்வுபெற்ற கண்டக்டர், கையில்லாத பனியனோடு நின்று முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி எப்படி இருக்காங்க அண்ணா?"

கண்டக்டர் அவள் கையைப் பார்த்தார். கை வெறுங்கைதான். ஆனாலும், "அப்படியே இருக்கா" என்றார்.

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டன்னா? நிலையத்துக்குப் போய்ட்டு வர்றியே, ஜன்னல்ல பார்த்தேன். என்ன கேட்டுட்டு வரச் சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. வியாழக்கிழமை அதிகாரி வர்றார். உண்மையைச் சொல்லலேன்னா மொத்தத்தையும் மூடப்போறாங்க."

"ஓகோ. உன்கிட்ட அப்படிச் சொன்னாளா? உனக்கு எத்தனை நாள் கூட்டித் தர்றதாப் பேச்சு?"

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு, தையல்காரியா? நான் இப்ப கரண்டி பிடிச்சு நானே சாப்பிடுறேன்னு அவகிட்டச் சொல்லுங்க."

"நீ பேசாம இரு" என்று கண்டக்டர் உள்ளே பார்த்துச் சொன்னார். திரும்பி, "ஜுரத்துல உளர்றா" என்றார்.

"மூணு வேளையும் நானே சாப்பிடுறேன்" என்றது குரல்.

"ஜுரம் ஜாஸ்தி."

தையலக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எதிரில் நிற்கிற இந்த மனிதர் முகத்தில் இருப்பது ஒரு வாரத்துக்கு முன் தன் முகத்தில் இருந்ததுதான். அந்த முகத்தை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது நன்றாக இல்லை. "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணா. முட்டை வெடிக்குது பாருங்க" என்று இறங்கிவிட்டாள்.

*

வியாழக்கிழமை காலையில் அவள் ஒரு முடிவுக்கும் வரவில்லை. வந்திருந்தால் படுக்கச் சொல்லியிருக்கமாட்டாள். துடைத்து, சட்டை மாற்றி, தலை வாரி, பிறகு வாரியதைக் கலைத்துவிட்டு, "படுங்க. நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்காதீங்க" என்றாள்.

"நீ... என்ன சொல்லப் போறே?"

"தெரியல. படுங்க."

அதிகாரி நடுவயதுக்காரர். குடையை வாசலிலேயே விரித்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மரியாதையான ஆள்களைக் கண்டால் தையலக்காவுக்கு இன்னும் பயம். பின்னால் மூணுமேசை நின்றாள். டீ போடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு அதிகாரி திரையை விலக்கினார். கண்ணை மூடிக் கிடந்த பெயிண்டரைக் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு காலமா இப்படி?"

"பதினாலு மாசம்."

"ஆள் வந்து எட்டு மாசம். ஏதும் மாற்றம் உண்டா?"

வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது. தினமும் சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்த சொல். மேலே மாடிப் படிக்கட்டில் யாரோ ஒட்டுக்கேட்கிற கிறீச் சத்தம். அது கண்டக்டர்தான், வேறு யார். அவர் அங்கே எதற்காக நிற்கிறார் என்றும் அவளுக்குத் தெரியும். நான் மட்டும் உண்மையைச் சொல்லி, எனக்கு மட்டும் நின்றுபோய், மேலே இருப்பவளுக்கு வந்துகொண்டேயிருந்தால்? நினைக்கவே பற்றி எரிந்தது. சொல்லாவிட்டால்? யாருக்கும் இல்லை. கட்டிலைப் பார்த்தாள். சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் தாடை இறுக, ஐந்து மாடிக் கயிற்றில் தொங்கிய மனிதர் தன் வீட்டிலேயே செத்தவராக நடித்துக்கொண்டு கிடந்தார்.

"எந்திரிங்க" என்றாள்.

அவர் அசையவில்லை.

"உங்களைத்தான். எந்திரிங்க."

ஒரு கண் திறந்தது. "நீதானே... படுக்கச் சொன்னே?"

"இப்ப எந்திரிக்கச் சொல்றேன்."

அவர் அவளையும் அதிகாரியையும் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு இடது கையை ஊன்றி உட்கார்ந்தார். காலைக் கீழே விட்டார். சுவரைப் பிடித்து எழுந்தார். அறையில் மழைச் சத்தமும் அவர் பாதம் தரையில் இழுபடுகிற சத்தமும்தான். ஒன்று, இரண்டு, வழியில் தொங்கிய ஈரப் பாவாடையைத் தலையால் தள்ளிக்கொண்டு மூன்று, நான்கு. பதினோராவது அடியில் மெஷினைத் தொட்டு, மேல்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரியின் உதடும் எண்ணிக்கொண்டே வந்தது.

"போன வாரம் புரளக்கூட முடியாதுன்னு சொல்லியிருக்கீங்க."

"பொய் சொன்னேன்."

"ஏம்மா?"

"நல்லா இருக்கார்னு சொன்னா நிறுத்திருவீங்க. எங்க தெருவுல அப்படித்தான் நடந்திருக்கு."

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

"இப்பவும் நிறுத்தத்தானே வந்திருக்கீங்க. பொய் சொன்னா எல்லாருக்கும் நிறுத்துவீங்க. உண்மையைச் சொன்னா எனக்கு மட்டும்தான் நிறுத்துவீங்க. அந்தப் பொண்ணு வரலேன்னா இவர் இன்னிக்கும் புண்ணோட கிடந்திருப்பார். இதையும் எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். "சரி. திரும்பக் கட்டிலுக்குப் போகட்டும், பார்ப்போம்."

பெயிண்டர் நின்ற இடத்திலேயே நின்றார். கழுத்தைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தார். இடது கை மெஷினை விடவில்லை. திரும்பினால் சுவர் வலது கைப்பக்கம் வரும். அந்தக் கைக்குப் பிடிக்கத் தெரியாது. முழங்கால் நடுங்க ஆரம்பித்ததும் தையலக்கா முக்காலியைத் தள்ளிப் போட்டாள். பொத்தென்று உட்கார்ந்தார்.

"போக வரும்" என்றாள் அவள். "திரும்ப வராது. திரும்புறதுக்குத்தான் ஆள் வேணும். நான் பிடிச்சா ரெண்டு பேரும் விழுவோம்."

இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. கண்ணெதிரே இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். இத்தனை மாதத்தில் கோப்பு வைத்திருக்கிற ஒருவரிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அதிகாரி மூணுமேசையைப் பார்த்தார். மூணுமேசை சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எழுதிவிட்டு அவர் சொன்னார்: "மேசையை மூட வேண்டாம்னு எழுதுறேன். மத்த வீடுகளையும் மறுபடி விசாரிக்கச் சொல்றேன். உங்களுக்கு மூணு நாளை ரெண்டு நாளாக்கலாம். அதுக்கு மேல குறைக்க நான் எழுதமாட்டேன்."

"எழுதினதைக் காட்டுங்க."

மூணுமேசை திடுக்கிட்டுத் திரும்பினாள். அதிகாரி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. அட்டையைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். தையலக்கா எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்து, நிதானமாகப் படித்தாள். பிறகு, "'திரும்ப முடியவில்லை'ங்கறது இல்லையே" என்றாள்.

சேர்த்து எழுதினார். கையெழுத்து வாங்கினார். குடையை மடக்கிக்கொண்டு தூறலில் இறங்கினார்கள். மாடிப்படியில் காலடிச் சத்தம் அவசரமாக மேலே ஓடி, ஒரு கதவு தாழிடப்பட்டது.

வெள்ளைச்செருப்பு மறுநாள்தான் வருவாள். முக்காலியைப் பெயிண்டர் பிடித்துக்கொண்டதால் தையலக்கா நின்றுகொண்டே பாவாடை விளிம்பைக் கைத்தையல் போட ஆரம்பித்தாள். துணி நழுவியது. அவர் இடது கையால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டார். பத்து இருபது தையல் ஓடியிருக்கும்.

"எல்லாத்தையும்... படிச்சியா?"

"படிச்சேன்."

"ரெண்டு நாள்னுதான்... போட்டிருந்தானா?"

"ரெண்டு நாள்னுதான் போட்டிருந்தது."

அவர் துணி நுனியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவள் ஊசியைத் துணியில் செருகியபடி நிறுத்திவிட்டாள்.

"என்ன?" என்றார்.

"கடைசி வரி ஒண்ணு இருந்துச்சு. அட்டையைப் பிடிச்சிருந்தான்ல, அந்த வரிமேல கட்டைவிரலை வச்சிருந்தான்."

"எடுக்கச் சொல்ல... வேண்டியதுதானே?"

"அப்பத் தோணல."

பெயிண்டர் துணியின் நுனியை விடாமல் ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டினார். "தெருவுல... போய்ட்டாங்களா, பாரு."

அவள் ஏற்கெனவே ஜன்னலுக்குப் போயிருந்தாள்.